அக்காவின் பலகையில் அந்நிய தேவன்

சபையில் எல்லோரும் அவனைச் 'சல்லடை' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. அவன் திரும்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு. அவனுக்கும் அது தெரியும், தெரிந்தும் கோபப்பட மாட்டான். சல்லடை என்ன கெட்ட சாமானா? கல்லை மேலே நிறுத்திவிட்டு மாவைக் கீழே விடுவதுதானே அதன் வேலை என்று மனசுக்குள் பெருமைகூடப் பட்டுக்கொள்வான். அப்படிப்பட்ட ஆளைக் கிண்டல் செய்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

பிழைப்புக்கு அவன் லாரி எடை போட்டான். பெரிய ரோட்டின் ஓரத்தில் ஓர் எடைமேடை. மேடைக்குப் பக்கத்தில் கோழிக்கூண்டு போல ஓர் அறை, அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே அவன். லோடோடு வரும் வண்டியை ஒரு தடவை நிறுத்தி எடை பார்க்க வேண்டும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னொரு தடவை. முன்னதில் பின்னதைக் கழித்தால் சரக்கு. இதில் என்ன பெரிய சூட்சுமம் என்று கேட்காதீர்கள். வெறும் வண்டியை எடை போடும்போது ஒரு சக்கரத்தை மேடையின் விளிம்பிலேயே நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாச்சாவை இவன் பலிக்க விடமாட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பின் சக்கரத்த முழுசா ஏத்துய்யா! யார் காதுல பூ சுத்துற?" என்று ஒரு சத்தம் போடுவான். சொந்த அப்பன் வண்டி ஓட்டி வந்தாலும் இவனிடம் ஒரே எடைதான் என்று அந்த ரோட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவன்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் குற்றம் கண்டுபிடித்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். உறவென்று அவனுக்கு இருந்தது ஒரே ஓர் அக்கா. அவனை இடுப்பிலேயே தூக்கி வளர்த்தவள். எடைமேடைக்கு அடுத்தாற்போல் அவள் கடை. லாரி டயர், டியூபுக்கு ஒட்டுப்போடும் கடை. புருஷன் ஆரம்பித்தது. அவர் திடீரென்று கண்ணை மூடியபோது, கடையை விற்றுவிட்டு வீட்டில் கிட என்று புத்தி சொல்ல ஊரே வந்தது. அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு லீவரைக் கையில் எடுத்தாள். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடிப்பாள், அதைச் சுரண்டிப் பச்சை ரப்பர் வைப்பாள், சூட்டு மெஷினில் இறுக்கி வேகவிடுவாள். வெந்து வெளியே வந்தால் ஒட்டு எது, டியூப் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வேலைக்கு உலகமெல்லாம் இருக்கும் பெயர்தான் கடைப் பலகையிலும் எழுதியிருந்தது. சிவப்புப் பெயின்ட்டில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி: வல்கனைசிங்.

இனி, அக்காவும் தம்பியும் போகும் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயின்ட் கடை ஒன்றின் மாடியில் வாடகைக்கு எடுத்த கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு கீபோர்டு, வாசலை ஒட்டி ஒரு மர பெஞ்சு. அந்தப் பெஞ்சில் சும்மா யாரும் உட்கார மாட்டார்கள். அது விசாரணையில் இருப்பவர்களுக்கு. ஒருவர்மேல் குற்றச்சாட்டு வந்தால், தீரும்வரை அவர் அந்தப் பெஞ்சைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பாடலாம், ஜெபிக்கலாம், எல்லாம் அங்கிருந்தே. முன்பெல்லாம் குடித்துவிட்டு வந்தவன், பெண்டாட்டியை அடித்தவன் என்று யாராவது அதில் இருப்பார்கள். சல்லடை சொற்களைச் சலிக்க ஆரம்பித்த பிறகு பெஞ்சு ஒருநாளும் காலியாக இல்லை.

அது கிழமைகளில் ஆரம்பித்தது. தமிழில் கிழமையெல்லாம் கிரகங்களின் பெயர், கிரகங்களையோ ஜனங்கள் கும்பிடுகிறார்கள் என்பதால், சபையில் வெகுநாளாகவே இங்கிலீஷில்தான் கிழமை சொல்வது வழக்கம். மண்டே, டியூஸ்டே என்று நிம்மதியாக இருந்தார்கள். ஒருநாள் போதகர், நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், தெரியாமல்கூட அந்நிய தேவர்களின் பெயர் அதில் ஏறக்கூடாது என்று பிரசங்கம் செய்தார். பாவம், அவர் ஏதோ பொதுவாகச் சொன்னார். நம்மாள் நேரே பழைய பேப்பர் கடைக்குப் போய்த் தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதியை வாங்கி வந்துவிட்டான். எடைமேடையில் வண்டி வராத நேரமெல்லாம் அதில் குனிந்தே கிடந்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, தர்ஸ்டே என்பது இடி இடிக்கும் ஒரு தெய்வத்தின் நாள், சாட்டர்டே என்பது அசல் சனியேதான் என்று அறிவித்தான். கூடமே அரண்டுபோனது. எந்தப் பேயிலிருந்து தப்பி ஓடினார்களோ, அதன் அண்ணன் வீட்டில் போய்க் குடியிருந்திருக்கிறார்கள்!

அன்றிலிருந்து முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணத் தொடங்கினார்கள். முதலாம் நாள் எது என்பதில் மட்டும் ஒற்றுமை வரவில்லை. சபையின் தையல்காரர் வேலை தொடங்கும் நாளிலிருந்து எண்ணினார்; அவரிடம் கோட்டு தைக்கக் கொடுத்த மாப்பிள்ளை வீட்டார் ஓய்வு நாளிலிருந்து எண்ணினார்கள். விளைவு, கோட்டு ஒருநாள் பிந்தி வர, மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்குச் சித்தப்பாவின் கோட்டில் நின்றான். தையல்காரருக்குச் சல்லடையைக் கண்டாலே எரிச்சல் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது மியூசிக். ஒன்பது தேவதைச் சகோதரிகளின் கைவரிசை அது என்று அகராதி சொன்னது. கீபோர்டு வாசிக்கிறவர் பெஞ்சுக்குப் போனார். இனிமேல் அதை 'ஓசை' என்று சொல்வதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் மீண்டார். பிறகு ஜனவரி. பிறகு மார்ச். இரண்டிலும் ரோமர்களின் சாமிகள். ஜனங்கள் அவனைக் கண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

இந்தச் சமயத்தில்தான் சபைக் காரியங்களை நடத்தும் பழைய மூப்பர் ஒருவர் மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போனார். ஓர் இடம் காலி. சல்லடைக்கு மூப்பர் ஆக வேண்டும். சுற்றி வளைப்பானேன், அவ்வளவுதான் விஷயம். கோழிக்கூண்டுக்குள் உட்கார்ந்து "ஏத்துய்யா, இறக்குய்யா" என்று கத்தியே ஆயுசு கழிந்தவனுக்கு, ஒருநாளாவது முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. எதிரே போட்டிக்கு நின்றது தையல்காரர். நாலு பேருக்கு நல்லவர். அவரை ஜெயிக்க வேண்டுமென்றால் ஏதாவது பெரிதாகச் செய்தாக வேண்டும்.

எரிமலைக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் சுத்தமா என்று ஒரு மத்தியானம் அகராதியில் தேடிக்கொண்டிருந்தவன், ரோமர்கள் கும்பிட்ட நெருப்புத் தெய்வம் ஒன்றின் பெயர் அதில் இருப்பதைக் கண்டான். வல்கன். கொல்லன் பட்டறையில் சம்மட்டியோடு நிற்கிற சாமி. அதே பத்திக்குக் கீழே, ரப்பரைச் சூட்டில் வேகவைக்கும் வேலைக்கும் அந்தச் சாமியின் பெயரையே வைத்ததாகப் போட்டிருந்தது. தலையை நிமிர்த்தினான். ஜன்னலுக்கு வெளியே, சிவப்புப் பெயின்ட்டில், கொட்டை எழுத்தில் அதே பெயர். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அகராதியை மூடிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. அப்பன் வண்டிக்கும் ஒரே எடை என்று வாய் கிழியப் பேசிவிட்டு அக்கா கடைக்குத் தள்ளுபடியா என்று இன்னொரு பக்கம் குடைந்தது. மூன்றாவதாக ஒரு குரலும் இருந்தது. சொந்த அக்காவையே விட்டுவைக்காதவன் என்ற பெயர் வந்தால் தையல்காரர் எங்கே நிற்க முடியும் என்று அது மெதுவாகக் கேட்டது. அந்தக் குரல் தனக்குக் கேட்கவேயில்லை என்று அவன் சத்தியம் செய்வான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சபைக் கமிட்டியில் விஷயத்தைச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, மறுநாள் காலையில்தான் அக்காவின் கடைக்குப் போனான்.

அவள் ஒரு லாரிச் சக்கரத்தின்மேல் ஏறி நின்று லீவரை மிதித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்டா, அவ்வளவு பெரிய நெருப்புச் சாமி என் கடையில வேலை செய்யுதுன்னா, எனக்கு எதுக்குடா மாசா மாசம் கரண்ட் பில் வருது?"

"விளையாடாதக்கா. சொல்லோட வேர் அப்படி."

"வேரும் கிழங்கும் எனக்கென்னடா தெரியும்? உங்க மாமா எழுதுன போர்டு அது. டியூப் ஓட்டையானா அடைக்கணும். அதுதான் அதுக்கு அர்த்தம்."

"போர்ட அழிச்சிடு. அழிக்கிற வரைக்கும்..." அவன் கண்ணைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அழிக்கிற வரைக்கும் நீ பெஞ்சுலதான் உக்காரணும். கமிட்டி முடிவு பண்ணிடுச்சு."

அக்கா சக்கரத்திலிருந்து இறங்கினாள். சிரிப்பு போயிருந்தது.

"கமிட்டில சொல்லிட்டியா?"

"ஆமா."

"பெஞ்சுல உக்கார வெச்சது பெருசில்லடா. எங்க உக்காந்தாலும் ஜெபம் ஜெபம்தான். என்கிட்ட மொதல்ல சொல்லணும்னு உனக்குத் தோணல பாரு, அதுதான்டா என்னவோ மாதிரி இருக்கு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூக்கில் கரி ஒட்டிக்கொண்டது. "சரி போ, வண்டி நிக்குது பாரு. போய் எடை போடு."

அந்த வார ஆராதனையில் அக்கா தானாகவே வந்து மர பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு வந்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காவுக்காக அல்ல, சல்லடைக்காக. இப்படி ஒரு நீதிமானா, கூடப் பிறந்தவளென்றுகூடப் பார்க்கவில்லையே என்று உருகிப்போனார்கள். தேர்தலில் தையல்காரருக்கு அவர் வீட்டு ஓட்டுகூட முழுசாக விழவில்லை. சல்லடை மூப்பரானான்.

கால் தரையில் பாவவில்லை அவனுக்கு. வெள்ளைச் சட்டை இரண்டு எடுத்தான். அதில் பை வேண்டுமா, வேண்டாமா என்று கண்ணாடிமுன் நின்று யோசித்தான். அப்போதுதான் போதகர் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்கு உங்கள முன்னால கூட்டிட்டு வர்றது யாரு?"

"கூட்டிட்டு வர்றதா? நானே நடந்து வந்துடுவேனே."

"அதெப்படி? மூப்பரா வர்றவர வாசல்லேருந்து மேசை வரைக்கும் அவரோட ரத்த உறவு ஒருத்தர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். இவர் எங்க வீட்டுப் பிள்ளை, நாங்க பொறுப்புன்னு சொல்ற மாதிரி. நம்ம சபை வழக்கம்தானே அது?"

கடைசியாக ஒரு மூப்பர் பொறுப்பேற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டதால் சபையில் பாதிப் பேருக்கு அது மறந்திருந்தது. போதகருக்கு மறக்கவில்லை. சல்லடைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுக்கு ரத்த உறவென்று இருக்கிற ஒரே ஜீவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பெஞ்சைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. உட்காரவைத்தது யார்? சாட்சாத் அவனேதான்.

ஓட்டமும் நடையுமாக அக்காவிடம் போனான்.

"அக்கா, போர்ட இன்னிக்கே அழிச்சிடலாம்க்கா. பெயின்ட் நான் வாங்கிட்டு வரேன்."

"அழிச்சுக்கோடா. அழிச்சிட்டு என்ன எழுதணும், அதச் சொல்லு."

அவன் யோசித்தான். டியூப் என்று எழுதலாமா, டயர் என்று எழுதலாமா? இரண்டும் அவன் இன்னும் சலிக்காத சொற்கள். எந்தப் புற்றில் எந்தப் பாம்போ? கடைசியில், "ரப்பர் வேகவைக்கும் இடம்னு எழுதுவோம்க்கா" என்றான்.

"வேகவைக்கும் இடமா? ஹோட்டல்னு நெனச்சு டிரைவருங்க கை கழுவிட்டு வந்து உக்காருவாங்கடா!" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். "இன்னிக்கே அழிக்க என்ன அவசரம்? ஏன்டா மூஞ்சி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவன் விஷயத்தைச் சொன்னான். ரத்த உறவு, கை, மேசை, எல்லாம். அக்கா சூட்டு மெஷினின் பிடியைத் திருகி இறுக்கினாள்.

"ஓ, அதுக்காகவா?" என்றாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுதச் சுத்தமான சொல் ஒன்றும் அகப்படாமல் பலகை அப்படியே நின்றது.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. சல்லடை புதுச் சட்டையோடு வாசலில் நின்றான். ஒரு கை எட்டும் தூரத்தில் பெஞ்சில் அக்கா. போதகர் மேசையருகே நின்று, "மூப்பரை அழைத்து வரும் உறவினர் எழுந்து நிற்கலாம்" என்றார். யாரும் எழவில்லை. கீபோர்டுக்காரர் ஓசையை ஆரம்பித்துவிட்டு, எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் திரும்பத் திரும்ப அதையே வாசித்தார்.

சல்லடை தொண்டையைக் கனைத்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும். அந்த வல்கனைசிங்கிற சொல்ல நான் மறுபடி எடை போட்டுப் பாத்தேன்." வியர்வை காலரில் இறங்கியது. "லோடோட வந்தப்போ அதுல ஒரு தெய்வம் இருந்தது உண்மைதான். ஆனா அது வழியிலேயே இறங்கிடுச்சு. இப்ப ஓடுறது வெறும் வண்டி. எத்தனையோ காலமா அந்தச் சொல் டியூப் ஒட்டுற வேலைய மட்டுந்தான் பாக்குது. அதனால அது சுத்தம். என் அக்கா மேல குற்றம் இல்ல."

கூடம் அவனையே பார்த்தது. ஒன்று சொல்ல வேண்டும், அவன் வாழ்க்கையில் பேசியதிலேயே நியாயமான பேச்சு அதுதான். பேசிய நேரம்தான் சரியில்லை.

தையல்காரர் மெதுவாக எழுந்தார். "ரொம்ப சந்தோஷம். அப்ப தர்ஸ்டேயத் திருப்பிக் குடுத்துடுவீங்களா? ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கு."

சிரிப்பு ஒரு வரிசையில் கிளம்பி அடுத்த வரிசைக்குத் தாவியது. கீபோர்டுக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். போதகர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது சல்லடைக்கு. இறங்கி ஓடிவிடலாமா என்று படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போது அக்கா எழுந்தாள். "குற்றம் இல்லன்னு சொல்லியாச்சு இல்ல? அப்ப நான் உள்ள வரலாமா?" என்று போதகரைக் கேட்டாள். அவர் அவசரமாகத் தலையாட்டினார். அவள் தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தாள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத ரப்பர் கரி கைரேகையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சேலையில் துடைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"வாங்க மூப்பரே," என்றாள்.

அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. அவள் நடந்தாள், அவனும் கூட நடந்தான். சிரிப்பு அடங்கி எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேசைக்கு முன்னால் வந்ததும் அவள் கையை விட்டாள். வழக்கப்படி சொல்ல வேண்டியதை, "இவர் எங்க வீட்டுப் பிள்ளை, நாங்க பொறுப்பு" என்று, ஒரு சொல் பிசகாமல் சபையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் போயி உக்காரட்டுங்களா?"

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புது மூப்பர் பொறுப்பின் பாரம் தாங்காமல் அழுகிறார் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் இன்னொரு வெள்ளைச் சட்டையோடு எடைமேடையில் உட்கார்ந்து இரண்டு வண்டிகளைத் தப்பாக எடை போட்டான். மூன்றாவது வண்டியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அக்கா கடைக்கு ஓடினான். அவள் டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து நீ என்னை வாங்க போங்கன்னு சொன்ன."

"ஆமாங்க."

"எதுக்குக்கா இப்படி? கோவம்னா நாலு அறை அறைஞ்சிடு. எப்பவும் மாதிரி டேய்னு கூப்பிடுக்கா. ஒரே ஒரு தடவ."

"ஐயையோ!" அக்காவின் குரலில் கோபம் துளியும் இல்லை, அதுதான் அவனைக் கொன்றது. "சபை மூப்பர அப்படிக் கூப்பிட்டேன்னு யாராவது போய்ச் சொன்னா, என்னை மறுபடி பெஞ்சுல உக்கார வெச்சிடுவாங்க. வயசான காலத்துல எனக்கெதுக்குங்க இந்த வம்பெல்லாம்?"

அவன் கடை வாசலில் கிடந்த பழைய டயர்மேல் உட்காரப் போனான்.

"இருங்க, இருங்க, அதுல உக்காராதீங்க. வெள்ளைச் சட்டை அழுக்காயிடும்," என்று அக்கா எழுந்து உள்ளே போனாள். வெளியூர் முதலாளிமார் வந்தால் மட்டும் எடுக்கிற பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, அவனுக்கு முன்னால் போட்டாள்.